வெயில் குறைந்த ஊர்

கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்த காலத்தில் சுப்ரஜா எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரி. படித்தது உடற்கல்வி. ஹரீஷைக் கல்யாணம் செய்துகொண்டு புனேவுக்கு வந்ததும், வந்த சூட்டோடு நிக்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் வேலை வாங்கிக்கொண்டாள். காலையில் பிரார்த்தனை மணி அடிப்பதிலிருந்து சாயங்காலம் பிள்ளைகள் பஸ் ஏறுகிற வரைக்கும் அவளுக்கு மைதானம்தான். மற்ற டீச்சர்கள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகிற பத்தடி தூரத்துக்குத் துப்பட்டாவைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு ஓடுவார்கள். சுப்ரஜா ஒரு தொப்பிகூடப் போட்டுக்கொண்டதில்லை. கறுத்துப் போயிடுவே என்று அம்மா ஊரிலிருந்து போனில் திட்டினால், "இதுக்கு மேல கறுக்கறதுக்கு என்ன இருக்குது?" என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷக் கோடையோடு போயிற்று.

முதலில் முழங்கால் வீங்கியது. ஓடுகிறவளுக்கு முழங்கால் வீங்குவது புதிதில்லை என்று ஐஸ் வைத்துக்கொண்டாள். பிறகு மூக்குத் தண்டிலும் இரண்டு கன்னத்திலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்த மாதிரி ஒரு சிவப்பு படர்ந்தது. களிம்பு தடவினாள். அதற்குப் பிறகு விடாத காய்ச்சல், தலை வாரினால் சீப்பு நிறைய முடி. மூன்று டாக்டர்களைத் தாண்டிக் கடைசியில் டாக்டர் சாட்டே என்ற அம்மாளிடம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்தான் நோய்க்குப் பெயர் சொன்னார். லூபஸ். உடம்பே உடம்பை எதிரியாக நினைத்துத் தாக்குகிற நோய். மாத்திரைகள் இருக்கின்றன, கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெயில் ஆகாது. வெயில் பட்டால் நோய் கிளம்பும், சிறுநீரகம் வரைக்கும் போகும் என்றார்.

"எத்தனை நாளைக்கு மேடம்?" என்று சுப்ரஜா ஹிந்தியில் கேட்டாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

வேலையை விட்டாள். ஹரீஷ் ஜன்னல்களுக்கெல்லாம் இரட்டைத் திரை தைத்துப் போட்டான். பகலில் மருந்துக் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போவதென்றால் முழுக்கைச் சட்டை, கையுறை, முகத்தைச் சுற்றித் துப்பட்டா, மேலே ஒரு குடை. புனேயில் ஸ்கூட்டரில் போகிற பெண்களெல்லாம் கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு முகத்தை இறுகக் கட்டிக்கொண்டு போவது வழக்கமாதலால் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுகூட அவளுக்கு ஒருவிதத்தில் வருத்தமாகத்தான் இருந்தது. மற்றவர்களுக்கு நிறத்தைக் காப்பாற்றிக்கொள்கிற கவலை. வீட்டுக்குப் போனதும் அவிழ்த்துப் போட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நிற்பார்கள்.

குளிர்காலத்தில்தான் ஏக்கம் தாங்கமுடியாமல் போகும். புனேயின் டிசம்பர் மத்தியானம் இருக்கிறதே, அப்படியொரு வெயில் கோயம்புத்தூரில்கூடக் கிடையாது. சுடாது; முதுகில் சால்வை போர்த்திய மாதிரி இருக்கும். குடியிருப்புப் பெண்களெல்லாம் சாப்பாடு முடிந்ததும் பட்டாணிக் காயை முறத்தில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறிவிடுவார்கள். உரித்தபடியே பேச்சு, நடுவே ஒரு பெருஞ்சிரிப்பு. கீழ்வீட்டில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சுப்ரஜாவுக்குச் சிரிப்பு மட்டும் கேட்கும். என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பது கேட்காது.

ஹரீஷுக்கு சாகணில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஒரு பாகத்தில் கோளாறு வந்தால் அது எங்கே பிறந்தது என்று தோண்டிப் பார்த்து, அந்த இடத்திலேயே சரிசெய்ய வேண்டும் என்று பழகியவன். மனைவியின் நோயையும் அவன் அப்படித்தான் பார்த்தான். வெயிலால் வருகிறதா? அப்படியானால் வெயில் குறைந்த ஊருக்குப் போய்விட்டால் போயிற்று. உலகத்தில் எவ்வளவோ ஊர் இருக்கிறது.

இது முதலில் சோற்றுத் தட்டின் முன்னால் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது.

"ஷில்லாங் போலாமா? அங்க வருஷத்துல பாதி மேகமாம்."

"ஷில்லாங்குல உங்களுக்கு யாருங்க வேலை தருவாங்க?"

"கொடைக்கானல்?"

"அங்க பிரேக்கா செய்யறாங்க?"

"மகாபலேஷ்வர்னா பக்கம்தான்."

"மழை நாலு மாசம். மீதி எட்டு மாசம் ஸ்ட்ராபெரி காயற வெயிலு. ஏங்க, வெயில் குறைஞ்ச ஊருன்னா மழை பெய்யற ஊருதானுங்களே? மழையில போயி நான் என்ன பண்ணட்டும்?"

"குடை புடிச்சுக்கோ கண்ணு. வெயிலுக்கும் குடைதான், மழைக்கும் குடைதான். மழைக்குப் புடிச்சா கூடவே நானும் நடந்து வருவேன். இப்பவாட்டம் நீ கதவுக்குள்ள, நான் வெளியிலன்னு இருக்காது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதற்குமேல் கேலி செய்யவில்லை.

தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஹரீஷுக்குப் பத்ரிநாத் என்பவர் பழக்கமானார். சிவாஜிநகர் வானிலை அலுவலகத்தில் வேலை செய்பவர். ஜூலையில் ஒரு நாள், நல்ல மூடாப்பாக இருந்த காலை நேரத்தில், அவர் இரண்டு பேரையும் வரச்சொல்லிக் கருவிகள் இருக்கும் இடத்தைக் காட்டினார். புல்வெளியில் ஒரு தூண். அதன் மேல் இரும்புக் கிண்ணத்தில் கெட்டிக் கண்ணாடி உருண்டை ஒன்று, தேங்காய் அளவு. அதன் பின்னால் ஒரு நீல அட்டை. வெயில் அடிக்கும் நேரமெல்லாம் அந்த உருண்டை வழியாகக் குவிந்து அட்டையைச் சுடும். மேகம் வந்தால் சுடுவது நிற்கும். சாயங்காலம் கரிந்த கோட்டின் நீளத்தை அளந்தால் அன்றைக்கு எத்தனை மணி நேரம் வெயில் என்று தெரிந்துவிடும்.

"எல்லா ஊர்லயும் இதேதானா சார்?" என்று ஹரீஷ் கேட்டான்.

"பெரும்பாலும் இதேதான். அதனாலதான் ஒரு ஊரோட இன்னொரு ஊரை ஒப்பிட முடியறது. புனேல ஏப்ரல், மே வந்தா காலம்பற ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும் ஒரே கோடா கருகிப் போயிருக்கும். இப்போ பாருங்கோ, ஜூலை. ஒரு கோடும் விழலை."

ஹரீஷ் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். சுப்ரஜா குடையைச் சாய்த்துக்கொண்டு அந்தக் கண்ணாடி உருண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வருஷம் முழுவதும், வெட்டவெளியில், ஒரு மறைப்பும் இல்லாமல் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது. ஒரு கண்ணாடியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அன்றைக்குப் பிறகு விளையாட்டு வினையாயிற்று. ஹரீஷ் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து ஊர் ஊராகத் தேடினான். ஜெய்ப்பூர் வேண்டவே வேண்டாம். பெங்களூரு பரவாயில்லை, ஆனாலும் போதாது. லண்டனில் புனே வெயிலில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஸ்காட்லாந்தில் அதற்கும் கீழே. அவனுக்குப் பிடித்த ஊர் ஐஸ்லாந்துப் பக்கம் எங்கோ கடலுக்கு நடுவில் இருந்தது. அங்கே ஆடுதான் அதிகமாம். கடைசியில் அவன் தேடிய ஊர் கிடைக்கவில்லை. கிடைத்த ஊர் அவனைத் தேடி வந்தது. இரண்டாயிரத்து மூன்றில், கம்பெனிக்குக் கூட்டாளியான ஸ்வீடன் தொழிற்சாலைக்கு இரண்டு வருஷத்துக்கு ஓர் ஆளை அனுப்ப வேண்டும் என்றார்கள். கோத்தன்பர்க் என்ற துறைமுக நகரம். ஹரீஷ் அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டிசம்பர் மாசம் பூரா சேர்த்தாலும் புனேல நாலு நாள்ல அடிக்கற வெயில்தான் அங்க அடிக்குது. நாலே நாள்! நினைச்சுப் பாரு. மத்தியானம் பன்னண்டு மணிக்கு நீ ரோட்டுல நடக்கலாம். வெறுந்தலையோட."

டாக்டர் சாட்டேயைக் கேட்டார்கள். மேகத்தை முழுக்க நம்பாதீர்கள், கோடையில் அங்கே ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், களிம்பை விடக்கூடாது. ஆனால் குளிர்காலம் அவளுக்குச் சௌகரியமாகத்தான் இருக்கும் என்றார். அதைப் பாதி சம்மதமாக ஹரீஷ் எடுத்துக்கொண்டான். அவன் அக்டோபரில் முன்னால் போய் வீடு பார்ப்பது, அவள் விசா வந்து ஜனவரிக் கடைசியில் கிளம்புவது என்று முடிவாயிற்று.

சுப்ரஜாவுக்குப் போக ஆசையா என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அவள் ஏங்கியது வெயிலுக்கு. அவனோ வெயிலே இல்லாத ஊரை அவளுக்குப் பரிசாகக் கொடுக்கிறான். ஆனால் அதைக் கொடுக்கும்போது அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தபிறகு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவன் போனபிறகு அவள் தனியாகக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வரப் பழகினாள். எதிர்வீட்டு அமலா துணை. அமலாவின் அப்பா நாகர்கோவிலிலிருந்து காட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வந்தவர். அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் காட்கியில். அவளுடைய தமிழில் பாதி ஹிந்தி, பாதி மராத்தி. நவம்பரில் ஒரு நாள் அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள்.

"டீச்சர், ஒண்ணு கேட்கட்டா? சூரியன் வர்றதுக்கு முன்னாடி கிரவுண்டுக்கு வந்தா உங்களுக்கு என்ன ஆகும்? குச் நஹி, ஒண்ணும் ஆகாது. ஸ்கூல் பசங்கள அந்த ஓட்டம் ஓட விட்டீங்களே, எங்களயும் கொஞ்சம் ஓட விடுங்க. என் உடம்பப் பாருங்க, அரே தேவா."

மறுநாள் விடிவதற்கு முன்னால் அமலாவோடு நான்கு பெண்கள் பக்கத்து மைதானத்தில் வந்து நின்றார்கள். ஒருத்தி சேலைக்குக் கீழே மகனுடைய கான்வாஸ் ஷூவைப் போட்டிருந்தாள். சுப்ரஜா பீரோவில் கிடந்த விசிலைத் துடைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள். ஊதியதும் அந்தச் சத்தத்தில் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. பெண்கள் நூறடி ஓடிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இந்தத் தடவை என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

மைதானத்தின் ஓரத்தில் உயரமான தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. முதல் வெயில் அதன் தலையில்தான் விழும். அங்கே மஞ்சள் தெரிந்ததும் சுப்ரஜா துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வெயில் தொட்டியிலிருந்து இறங்கி மைதானத்துக்கு வருவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். மற்றவர்கள் அந்த வெயிலுக்காகவே காத்திருந்து புல்லில் காலை நீட்டி உட்காருவார்கள். தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். பொன் பூசின மாதிரி அவர்கள் உட்கார்ந்திருப்பது தெரியும்.

டிசம்பர் நடுவில் குளிர் இறுகியது. ஒரு நாள் விடியலில் விசில் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தாள், மறுபடி விழுந்தது. விரல்களில் உணர்ச்சியே இல்லை. அமலா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அலறினாள்.

"என்ன டீச்சர் இது! விரலெல்லாம் சுண்ணாம்பாட்டம் வெளுத்துக் கிடக்கு!"

பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளை நீலமாக மாறியது. வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்ததும் நீலம் சிவப்பாகி, ஊசி ஊசியாகக் குத்திற்று. அன்று சாயங்காலமே அமலா அவளை டாக்டர் சாட்டேயிடம் அழைத்துப் போனாள்.

இதுவும் அந்த நோயின் வேலைதான் என்றார் டாக்டர். குளிர் பட்டால் சிலருக்கு விரலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். அடிக்கடி ஆனால் விரல் நுனி புண்ணாகும், ஆறாது. கையுறை போடுங்கள், காலையில் இன்னும் ஒரு மாசத்துக்கு வெளியே வராதீர்கள் என்று சொல்லி மருந்து எழுதியவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"உங்க கணவர் இருக்கும் ஊரில் இப்போ எவ்வளவு குளிர்?"

"பூஜ்யத்துக்குப் பக்கத்துல மேடம். சில நாள் அதுக்கும் கீழே."

"புனேக் குளிருக்கே இப்படி. அங்கே வேண்டாம்மா. இந்த உடம்போடு அந்தக் குளிருக்குப் போகாதீங்க."

ஆட்டோவில் திரும்பி வரும்போது அமலா அவள் கையைத் தன் சால்வைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஹரீஷ் ஞாயிறுதோறும் அழைப்பான். இங்கே மத்தியானம் மூன்று மணி என்றால் அங்கே காலை பத்தரை. வீடு கிடைத்துவிட்டது, ஜன்னலிலிருந்து கால்வாய் தெரிகிறது, பக்கத்தில் பூங்கா இருக்கிறது, அவளுக்கு ஓடுவதற்கு ஷூ வாங்கி வைத்திருக்கிறான். எல்லாவற்றையும் குதூகலமாகச் சொல்வான். அந்த ஞாயிறும் சொன்னான். சுப்ரஜாவும் குதூகலமாகவே கேட்டுக்கொண்டாள். விசா வந்துவிட்டது, பெட்டிக்கு அமலா பூட்டு வாங்கிக் கொடுத்தாள் என்றாள். விரலைப் பற்றிச் சொல்லவில்லை. அவளுக்காகவே ஒரு ஊரைத் தேடிப் பிடித்து, தன்னந்தனியாகப் போய் உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம், நீ பார்த்த ஊர் எனக்கு ஆகாது என்று எப்படிச் சொல்வது? அடுத்த ஞாயிறும் சொல்லவில்லை.

ஆனால் அவன் பேச்சிலும் ஏதோ ஒன்று சரியாக இல்லை என்பது அவள் காதில் விழத்தான் செய்தது. நடுநடுவே அவன் நின்றுபோனான். கூப்பிட்டால், "இருக்கேன், இருக்கேன்" என்பான். என்ன சாப்பிட்டீங்க என்றால் யோசித்துச் சொன்னான். முன்பெல்லாம் அவன் கேட்காத கேள்விகளைக் கேட்டான். அங்க வெளியில யாரு பேசறாங்க? கிளி கத்துதா? இப்ப வெயில் எங்க இருக்கு, முன் பக்கமா, பின் பக்கமா?

புது வருஷம் பிறந்து ஒரு வாரம் இருக்கும். புதன்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. ஹரீஷ். ஞாயிறு தவிர அவன் அழைத்ததே கிடையாது.

"என்னங்க, உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்." குரல் தூங்கி எழுந்த குரலாக இல்லை, தூங்காத குரலாக இருந்தது. "வேலைக்குக் கிளம்பிட்டிருக்கேன். இன்னும் இருட்டாத்தான் இருக்குது. திரும்பி வரும்போதும் இருட்டாயிடும். சுப்ரஜா, அங்க வெயில் அடிக்குதா?"

"அடிக்குதுங்க."

"எப்படி அடிக்குது? பாத்துச் சொல்லு."

அவள் போன் வயரை இழுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். இரட்டைத் திரையை இரண்டு விரல் அகலம் விலக்கினாள். இரண்டு வருஷத்துக்கு மேலாகப் பகலில் அந்தத் திரையை அவள் தொட்டதில்லை. கண் கூசியது. பழகச் சற்று நேரம் ஆயிற்று.

"ரோடு வெள்ளையா இருக்குதுங்க. நடு ரோட்டுல ஒரு நாய் நாலு காலையும் நீட்டிப் படுத்திருக்குது. ஸ்கூட்டர்காரன் ஹாரன் அடிக்கறான், அது எந்திரிக்க மாட்டேங்குது. அவனே சுத்திட்டுப் போறான்."

"ம்."

"அமலாக்கா வீட்டு காம்பவுண்டு மேல ரஜாயி காயப் போட்டிருக்காங்க. சிவப்புப் பஞ்சுப் போர்வை. அதுக்கு மேல பூனை. எதிர்ல வேப்ப மரத்து நிழல் சின்னதா, மரத்துக்கடியிலேயே சுருண்டு கிடக்குது. காய்க்காரர் வண்டிய நிழல்ல நிறுத்திட்டு, தான் மட்டும் வெயில்ல வந்து நிக்கறாரு. கண்ண மூடிட்டு நிக்கறாருங்க. குளிருக்கு இதமா இருக்குமாட்ட இருக்குது."

"இன்னும் சொல்லு."

சொன்னாள். தக்காளியின் மேல் விழுந்த பளபளப்பைச் சொன்னாள், துர்கா டேக்டிக் குன்றுக்கு மேலே மேகமே இல்லாததைச் சொன்னாள், மாடியில் பெண்கள் சிரிக்கிற சத்தத்தைச் சொன்னாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"ஏங்க, அழறீங்களா?"

"இல்ல கண்ணு. சளி."

அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. திரையை மூடிவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"நான் ஒண்ணு சொல்லோணும். நான் அங்க வர முடியாதுங்க." விரல் வெளுத்தது, நீலமானது, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். "மூணு வாரமா மறைச்சு வச்சிருக்கேன். எனக்காகப் போனீங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவள் பயந்தபோது அவன் பேசினான்.

"எத்தன ஊர் பாத்தேன்? ஒவ்வொண்ணுலயும் வெயில் எத்தன மணி நேரம், எத்தன மணி நேரம்னு பாத்தேன். குளிரு எவ்வளவுன்னு இருந்த பக்கத்தக் கண்ணால பாத்துட்டுத் திருப்பிட்டேன். ஸ்வெட்டர் போட்டாப் போச்சுன்னு." பிறகு, மைதானத்தில் அனுமதி கேட்கும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தயங்கிக் கேட்டான்: "அப்ப... நான் வந்துடட்டுமா?"

"வந்துடுங்க" என்றாள். அழுகையில் அது சரியாகக் கேட்டிருக்காது என்று நினைத்து மறுபடியும் சொன்னாள். "வந்துடுங்க."

"இங்க ரொம்பக் கஷ்டமா இருக்குது கண்ணு. நீ வர்றேன்னுதான் சொல்லாம இருந்தேன். ஆளுங்க நல்லவங்கதான். ஆனா மூணு மணிக்கெல்லாம் யாரோ விளக்கை அணைச்சுட்டாப்பல இருட்டாயிடுது. ஒருநாள் வேலைக்குப் போகாம படுத்துக் கிடந்தேன். மறுநாளும் போகல. உன்கிட்ட அந்த ஞாயித்துக்கிழமை பூங்காவப் பத்திச் சொன்னேன்ல? அந்தப் பூங்காவுக்கு நான் போனதேயில்ல."

மறுநாள் அவள் கன்னத்தில், ஜன்னல் பக்கமாக இருந்த பாதியில் மட்டும், சிவப்பு லேசாகக் கிளம்பியிருந்தது. அமலா திட்டினாள். சுப்ரஜா மருந்தைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். அதற்காக வருத்தப்படத் தோன்றவில்லை.

வந்துவிடு என்றால் உடனே வந்துவிட முடியவில்லை. புது இயந்திர வரிசையை ஓடவைத்துக் கொடுக்கும்வரை கம்பெனி விடாது. ஏப்ரல் கடைசி ஆகும் என்றது. பாதியில் திரும்பினால் அவனுக்குப் பேசிவைத்திருந்த பெரிய பதவி கிடையாது என்றும் சொல்லிவிட்டது. ஹரீஷ் சரி என்றான். அதன்பிறகு ஞாயிறு மட்டுமில்லாமல் நினைத்தபோதெல்லாம் அழைத்தான். மறைப்பதற்கு இருவரிடமும் எதுவும் இல்லாததால் பேச்சு லேசாக இருந்தது. ஏக்கம் மட்டும் கூடியது. பிப்ரவரியில், இன்றைக்கு வேலை முடிந்து வெளியே வரும்போது வானத்தில் வெளிச்சம் மிச்சமிருந்தது என்று சந்தோஷமாகச் சொன்னான். மார்ச்சில் ஒரு நாள், அவனோடு வேலை செய்பவர்கள் எல்லாரும் மத்தியானத்தில் தொழிற்சாலைச் சுவரில் வரிசையாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு வெயிலைப் பார்த்து நின்றதாகச் சொன்னான். "நானும் நின்னேன். உன்னய நினைச்சுட்டேதான் நின்னேன்." அதைக் கேட்டபிறகு அவளுக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. கட்டிலில் அவன் படுக்கும் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

புனேயில் அதற்குள் குளிர் விட்டுவிட்டது. விரல்கள் சரியாயின. மைதானத்தில் இப்போது எட்டுப் பெண்கள். அவர்கள் ஒரு சுற்று நிற்காமல் ஓடினார்கள். ஆனால் நாட்கள் நீண்டு, தொட்டியின் தலையில் வெயில் சீக்கிரமே விழ ஆரம்பித்ததால், அவளுக்கு அங்கே கிடைத்த நேரம் வாரத்துக்கு வாரம் சுருங்கிக்கொண்டே வந்தது.

மே முதல் வாரம். மும்பையில் காலையில் இறங்கி, டாக்சி பிடித்து வருவதாக ஹரீஷ் சொல்லியிருந்தான். விமான நிலையத்துக்கு அவள் போக முடியாது. விடிந்ததிலிருந்து சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். வாசல் என்றால் கதவுக்கு உள்பக்கம்தான். பகல் ஒரு மணிக்கு, ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிற நேரத்தில், கார் வந்து நின்றது.

கதவை ஒரு சாண் திறந்து, நிழலில் நின்றபடி பார்த்தாள். இளைத்துப் போயிருந்தான். முகம் சோகை பிடித்த மாதிரி வெளுத்திருந்தது. டிரைவர் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். ஹரீஷ் பெட்டிகளைத் தொடவில்லை, அவளைப் பார்த்தான். அவள் சிரிக்க முயன்றாள், வரவில்லை.

"உள்ள வாங்க. மண்டை பொளக்குது."

"வர்றேன். ஒரே நிமிஷம்."

சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு, முற்றத்துச் சிமெண்டுத் தரையின் நடுவில், நெட்ட நெடுக வந்து நின்றான். முகத்தை மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டான். மே மாதத்து வெயில் அவன் தலையிலும் தோளிலும் கொட்டிற்று. அவன் அசையவில்லை. நெற்றியில் வேர்வை துளிர்த்து இறங்குவது அவள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. ஏழு மாதம் பார்க்காத புருஷன் ஐந்தடி தூரத்தில் நிற்கிறான். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள முடியவில்லை. பொறாமையா, ஆசையா, இரண்டும் கலந்ததா, அவளுக்கே தெரியவில்லை. கதவின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஹரீஷ் உள்ளே வந்தான். அவள் கதவைச் சாத்தினாள். இருட்டுக்குக் கண் பழகாமல் அவன் தடவிக்கொண்டு நின்றபோது அவள் அவன் கையைப் பிடித்தாள். முழங்கைக்குக் கீழே தோல் அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம் மாதிரிச் சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை. இன்னொரு கையையும் வைத்தாள். பிறகு குனிந்து, அந்தக் கையில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள். மூன்று வருஷமாக அவள் தோல் அறியாத சூடு. அவன் மூச்சுக்கூட விடாமல் நின்றான்.

சூடு மெல்ல மெல்லத் தணிந்தது. முழுவதும் தணிகிற வரைக்கும் அவள் அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாப்பிடலாமா?" என்றான் அவன்.

"சாப்பிடலாம்" என்றாள். ஆனால் சமையலறைப் பக்கம் திரும்பவில்லை. கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு, சின்னப் பெண் கெஞ்சுகிற மாதிரிக் கேட்டாள்:

"ஏங்க, இன்னொருக்கா போயி கொஞ்ச நேரம் நின்னுட்டு வர்றீங்களா?"